அசல் தூசி

எங்கள் வீட்டை விட்டு எந்தப் பொருளும் அழுக்கோடு வெளியே போனதில்லை. இரவல் வாங்கிய பாத்திரம் மட்டுமல்ல, காலி பாட்டில் வாங்க வருபவரிடம் கொடுக்கும் பாட்டில்கூட உள்ளும் புறமும் கழுவி, கவிழ்த்து வைத்து, ஈரம் உலர்ந்த பிறகுதான் போகும். அப்பாவின் தட்டச்சு இயந்திரம் இரும்புக் கடைக்குப் போன அன்று அம்மா அதன் ஒவ்வொரு எழுத்தையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடைக்குப் போடுகிற சாமானுக்கு எதற்கு இந்தப் பாடு என்று கடைக்காரர் கேட்டார். "இரும்பைத்தானே எடை போடறீங்க? எங்க வீட்டு அழுக்கையும் சேர்த்துப் போட்டா உங்களுக்குத்தானே நஷ்டம்" என்றாள் அம்மா. அவர் தராசை எடுத்தார். எங்கள் வீட்டுப் பெண்களிடம் வாயைத் திறந்து ஜெயித்தவர்கள் அதிகம் இல்லை.

இதை முதலில் சொல்லாவிட்டால் என் தம்பியின் வண்டிக்கு நடந்தது யாருக்கும் விளங்காது.

தம்பி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஹோட்டல் மேலாளரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினான். இரண்டே இருக்கை, மடித்துவிடும் துணிக் கூரை, நீண்ட மூக்கு, தரையோடு ஒட்டிய உடம்பு. கரும்பச்சை நிறம். ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடிய வகை என்றார்கள். அவன் வாங்கும்போதே பழசு. ஒரு கட்டிலும் பீரோவும் வாங்குகிற காசுக்குக் கிடைத்தது. வேறு யாரும் கேட்காததுதான் காரணம். குடும்பஸ்தன் எவனாவது இரண்டு இருக்கை வண்டி வாங்குவானா என்று தெருவே சிரித்தது. அதற்குச் செருப்பு என்று பெயர் வைத்தது. உள்ளே உட்காருவதைப் பார்த்தால் காலை நுழைத்து மாட்டிக்கொள்வது போல இருக்கிறதாம்.

அந்தப் பெயரை வைத்தவர் என் தங்கையின் கணவர். காப்பீட்டு முகவர். எதைப் பார்த்தாலும் அது எரிந்தால் எவ்வளவு, உடைந்தால் எவ்வளவு என்று கணக்குப் போடுகிற மனிதர். எங்கள் வீட்டு மேசையில் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, "மச்சான் இன்னும் செருப்பை மாட்டிக்கிட்டுத்தான் சுத்தறாரா? பொறுப்பு வரவே வராதா?" என்பார். நானும் தம்பியைச் சொல்லியிருக்கிறேன். மழைக்கு ஒழுகுகிற வண்டியை வாங்கியதற்கு நல்ல குடையாக நாலு வாங்கியிருக்கலாம் என்றேன். ஆனால் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன், அவனும் சிரித்தான். அடுத்தவர் தட்டுக்கு மேலாகச் சொல்லவில்லை.

அந்த வண்டியில்தான் அவன் தினமும் வேலைக்குப் போனான். மழை நாளில் உள்ளே உட்கார்ந்து மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓட்டினான். அவன் மனைவி இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பாள், போய் இறங்கியதும் தலை துவட்டிக்கொள்ள. பிரசவத்துக்கு இரண்டு பேராக அதில் போனார்கள், மூன்று பேராக அதில் திரும்பினார்கள். பைகளோடு நான் பேருந்தில் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக் கழுவுவான். அதற்கு ஒரு விடுமுறையும் கிடையாது.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை வேலையிலிருந்து வந்தான், வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினான், மாடிப்படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

சாவியைத் தம்பி மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் பூட்டிய கதவை நான் திறக்கச் சொல்லவில்லை. பக்கத்து மரப்பட்டறையின் தூள் கூரை இடுக்கு வழியாக இறங்கி அந்த வண்டியின் மேல் படிந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உள்ளே இருக்கும்வரை அது அவளுடைய துக்கம். வெளியே வரும்போதுதான் அது வீட்டு மானம்.

வீட்டில் கீழ்த்தளம் எனக்கு, மாடி தம்பிக்கு என்று அப்பா பிரித்திருந்தார். தம்பி மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. காலையிலிருந்து மாலைவரை மேசைக்குப் பின்னால் நிற்கிற வேலை. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. அவள் படியேறும் சத்தத்தைக் கேட்டே இன்று எந்தக் கால் மோசம் என்று சொல்லிவிடுவேன். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், அவளிடமும் இதைச் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. கேட்காதவளுக்கு இரக்கம் காட்டுவது அவளைக் குட்டையாக்குவது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் தங்கை கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"அக்கா, செருப்பு இருக்கா?"

"வாசல்லதான் விட்டிருப்பீங்க மாப்பிள்ளை. நல்லாப் பாருங்க."

"அது இல்லக்கா. மச்சானோட வண்டி. வித்துடலையே? யாருக்கும் சும்மா கொடுத்துடலையே?"

"கொட்டகையில இருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாக, சாமி படத்துக்கு முன்னால் நிற்பவர்போல, "மச்சான் தீர்க்கதரிசிக்கா" என்றார்.

உயிரோடு இருந்தவரை பொறுப்பில்லாதவனாக இருந்த என் தம்பி, அந்த நாற்காலியின் சாய்மானத்தில் தீர்க்கதரிசி ஆனான்.

விஷயத்தை அவர் விளக்கினார். அந்த வகை வண்டி இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. தயாரித்த தொழிற்சாலை மூடியாகிவிட்டது. இருந்தவற்றில் பாதி துருப்பிடித்துப் போயிற்று, மீதியைப் பணக்காரர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். போன வருட விலை இந்த வருடம் இல்லை, போன மாத விலை இந்த மாதம் இல்லை.

"வாங்கி என்ன செய்யறாங்க? ஓட்டறாங்களா?"

"ஓட்டினா விலை குறைஞ்சுடும்க்கா. வீட்டுக்குள்ள வெச்சு, விளக்குப் போட்டுப் பாக்கறாங்க."

"தினம் ஓட்டினவனைக் கிண்டல் பண்ணீங்க. ஓட்டாம பாக்கறவனுக்குப் பெரிய மனுஷன்னு பேரா?"

"காலம் மாறிடுச்சுக்கா."

"ஏன் மாப்பிள்ளை, உங்க அப்பா வீட்லயும் இதே வகையில ஒண்ணு நின்னுச்சே?"

அவர் முகம் சுருங்கியது. அவருடைய அப்பா அதை வெல்டிங் ஆளை வைத்து வெட்டி விற்றார். என்ஜினை மூடுகிற அந்த நீண்ட மேல்தகடு மட்டும் அழகாக வளைந்திருந்ததால் தண்ணீர் மோட்டாருக்கு மேலே வெயில் மறைப்பாக வைத்தார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அந்தத் தகடு ஒண்ணு மட்டும் இன்னிக்கு என்ன விலை தெரியுமாக்கா? வீட்டை வாங்கினவங்ககிட்ட நாலு தடவை போய்க் கேட்டுட்டேன். காணோம்கறாங்க."

"விடுங்க. மோட்டாருக்கு வெயில் படாம இருந்துச்சுல்ல."

வெட்டிப் போட்டவர்களும் அவர்களே, கிடைக்கவில்லையே என்று கைபிசைபவர்களும் அவர்களே. அரிது என்ற வார்த்தைக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. முட்டாள்கள் மிச்சம் வைத்தது எதுவோ அது அரிது.

அடுத்த வாரம் அவர் ஒரு வியாபாரியை அழைத்து வந்தார். பழைய வண்டிகளை வாங்கிப் பணக்காரர்களுக்கு ஏலத்தில் விற்பவர். வாசலில் காலணியைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் வந்தார். கொட்டகைக் கதவைத் தம்பி மனைவி திறந்ததும் பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார். அழுக்கைத் தொடுவதற்கு வெள்ளைக் கையுறை போடும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். வீட்டில் அவர் பெயர் அதற்குப் பிறகு கையுறை.

வண்டி மேல் தூசி கம்பளிபோலக் கிடந்தது. கூரை இடுக்குக்கு நேர் கீழே மரத்தூள் தடித்து மேடு தட்டியிருந்தது. கண்ணாடிக்கும் துடைப்பானுக்கும் நடுவே சிலந்தி கூடு கட்டியிருந்தது. தம்பி மனைவி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன்.

கையுறை தரையில் படுத்து விளக்கடித்துப் பார்த்தார். "என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒண்ணா இருக்கு. மாத்தவே இல்ல. அப்படியே அசல்."

"மாத்த எங்ககிட்ட காசு எங்க இருந்துச்சு" என்றாள் தம்பி மனைவி.

அவர் எழுந்து இருக்கையைப் பார்த்தார். தோல் கிழிந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. "எலி கடிச்சிருக்கு" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னேன்.

"எலியா? ரொம்ப நல்லது."

"எலியும் அசல்தான். மாத்தலை."

தங்கை கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கையுறைக்கு உறைக்கவில்லை. ஒரு விரலைத் தூசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். "அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் துடைச்சுடாதீங்க. கையே வைக்காதீங்க. எட்டு வருஷம் யாரும் தொடாத தூசி. பணம் இதுலதான் இருக்கு."

"துடைச்சா?"

"துடைச்சா இது பழைய வண்டிம்மா. துடைக்காட்டி இது கண்டுபிடிப்பு."

பிறகு ஒரு விலை சொன்னார். தம்பி மனைவி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் அவள் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். மருந்துக்கடைக்குப் பின்னால் புதிதாக ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்புகிறது, அதில் கீழ்த்தள வீடு ஒன்று பாக்கி இருக்கிறது என்றாள்.

"வாசல்ல ஒரே படி அண்ணி. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். கையுறை சொன்ன விலைக்கு அது கெடைச்சுடும். வேலையையும் விட்டுடலாம்."

"நல்லதுதானே."

"தூசியோட போகுமே அண்ணி."

"தெரியும்."

"அத்தை இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க."

"அவங்க இல்ல. வண்டி உன்னுது, முழங்காலும் உன்னுது. நீ சொல்றதுதான்."

அப்படித்தான் சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அன்று முழுக்க என் கை சும்மா இருக்கவில்லை. சுத்தமாக இருந்த அலமாரியைக் காலி செய்து மறுபடியும் துடைத்தேன்.

கையுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை புகைப்படக்காரரோடு வந்தார். தங்கை கணவர் புதுச் சட்டையில் வந்திருந்தார். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. அதை மூடச் சொன்னார்கள்.

"எதுக்கு மூடணும்? படம் எடுக்கத்தானே வந்தீங்க" என்று கேட்டேன்.

"திறக்கறதைத்தான் எடுக்கணும்மா. முதல் தடவையா திறக்கற மாதிரி. இந்த அம்மா திறந்து உள்ள பாத்து அப்படியே நிக்கணும். இப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னே தெரியாத மாதிரி."

தம்பி மனைவி திறந்தாள். நின்றாள்.

"கொஞ்சம் ஆச்சரியமா பாருங்கம்மா" என்றார் புகைப்படக்காரர்.

"என் வீட்டுக்காரரோட வண்டிங்க."

"அது சரி. இருந்தாலும்."

மறுபடியும் மூடினார்கள், மறுபடியும் திறந்தாள். முழங்கால் வலிக்கிற ஒருத்தியைக் கதவுக்கும் முற்றத்துக்கும் நடக்கவிட்டு ஆச்சரியப்படச் சொன்னார்கள். இந்த நல்ல உடுப்பு வேண்டாம், பழசாக ஒன்று போட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார்கள். நான் என் நாற்காலியிலிருந்து, "எங்க வீட்ல கிழிஞ்சது போட்டுக்கிட்டு யாரும் வெளியாள் முன்னாடி வர்றதில்ல" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஏலப் பத்திரிகையில் படத்துக்குக் கீழே அச்சாகப் போவதைக் கையுறை தன் காகிதத்திலிருந்து வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டுவது முறையாம். நல்ல முறை. அது இல்லையென்றால் நாங்கள் அதை அச்சில்தான் பார்த்திருப்போம்.

"மறக்கப்பட்ட மனிதர், மறக்கப்பட்ட வண்டி. அருமை தெரியாத ஒருவர் ஏதோ ஆசையில் வாங்கினார். சீக்கிரமே அலுத்துப்போய்க் கொட்டகையில் கைவிட்டார். உள்ளே என்ன கிடக்கிறது என்றுகூட வீட்டார் அறியவில்லை. எலிகளே இதற்குத் துணை."

தம்பி மனைவி கதவை விட்டுவிட்டுக் கையுறைக்கு எதிரே வந்து நின்றாள்.

"யாரு அலுத்துப்போனது?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"அது சும்மா ஒரு அழகுக்கும்மா. கைவிட்டதுன்னு சொன்னாத்தான் கதை. கதை இருந்தாத்தான் விலை."

"காலையில அதுலதான் வேலைக்குப் போனாரு. சாயங்காலம் அதுலதான் வந்தாரு. அதை நிறுத்திட்டு வந்துதான் செத்தாரு. இதுல எப்பங்க கைவிட்டாரு?"

கையுறை காகிதத்தைப் பார்த்தார். பிறகு தங்கை கணவரைப் பார்த்தார்.

தங்கை கணவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "தங்கச்சி, காகிதத்துல என்ன இருந்தா நமக்கென்ன? காசு நம்ம கைக்கு வருது. படிக்கறவன் யாரோ எவனோ."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லதான் அண்ணா. நீங்க எப்பவும் சொன்னதைத்தானே இவர் எழுதிட்டு வந்திருக்காரு."

இருபத்தைந்து வருடம் என் மேசையில் அவள் பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டுதான் பரிமாறியிருக்கிறாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு" என்றேன்.

அவள் முற்றத்துக் குழாயை நோக்கி நடந்தாள். நான் எழுந்து, சுருட்டி வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்து மாட்டினேன். முதல் தண்ணீர் வண்டியின் மூக்கில் விழுந்தபோது கையுறையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சுடுபாத்திரத்தைத் தொட்டவர்போல.

"அம்மா, நிறுத்துங்க. வேணாம்மா. பாதி விலை போகுது. அங்க பாருங்க, வழிஞ்சு போகுது."

வழிந்துதான் போயிற்று. எட்டு வருட மரத்தூள் கஞ்சிபோலக் குழைந்து, சக்கரங்களைச் சுற்றி ஓடி, முற்றத்துச் சாக்கடையில் இறங்கியது. அவளால் குனிய முடியாததால் மேல்பாகம் அவளுக்கு, சக்கரமும் அடிப்பகுதியும் எனக்கு. புழுதிக்குக் கீழே அந்தப் பச்சை அப்படியே இருந்தது. கண்ணாடியின் மூலையில் மருத்துவமனை வளாகத்தில் நிறுத்துவதற்கான ஒட்டுச்சீட்டு தெரிந்தது. இருக்கைக்குப் பின்னால் கையை விட்டவள் ஒரு துண்டை எடுத்தாள். மடிப்புக் கலையாத துண்டு. அவன் கடைசியாக ஓட்டிய அன்று மழை இல்லை. அவள் அதை உதறிவிட்டு அதனாலேயே கண்ணாடியைத் துடைத்தாள்.

புகைப்படக்காரர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். யாரும் சொல்லாமலே எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கையுறை கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டார்.

"இப்ப இது வெறும் பழைய வண்டிம்மா."

"ஆமாங்க. பழைய வண்டிதான்" என்றாள் தம்பி மனைவி. "இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்."

தங்கை கணவர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அன்று மாலை அவள் படியேறும் சத்தம் கேட்டது. இரண்டு காலும் மோசம். அந்தக் கீழ்த்தள வீட்டைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. பேசாததை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சில வாரங்கள் கழித்துக் கையுறை தானாகவே வந்தார். முகத்தில் பழைய ஏமாற்றம் இல்லை, புதிதாக ஒரு பதற்றம் இருந்தது. எங்கேயோ ஒரு பணக்காரரின் கிடங்கு எரிந்துபோயிற்றாம், உள்ளே இந்த வகையில் இரண்டு வண்டி இருந்தனவாம். இருந்த கொஞ்சமும் இன்னும் கொஞ்சமாகிவிட்டதால் விலை மறுபடி ஏறிவிட்டது. யாருடைய கிடங்கோ எரிந்ததில் எங்கள் வண்டிக்கு மதிப்புக் கூடியது. இப்படித்தான் அந்த வியாபாரம்.

அவரோடு தோளில் பெரிய பையுடன் இன்னொருவர் வந்திருந்தார்.

"இவர் சினிமாவுக்கு செட் போடறவர்ம்மா. பாழடைஞ்ச பங்களா, பூட்டின வீடு, எல்லாம் செய்வார். நம்ம வண்டிக்கு மறுபடி தூசி போட்டுடலாம். வித்தியாசமே தெரியாது."

வந்தவர் தொழிலில் பற்றுள்ளவர். பையைத் திறந்து சலித்த களிமண் தூள், சாம்பல், துணிப்பஞ்சு என்று தனித்தனிப் பொட்டலங்களை வரிசையாக வைத்தார். ஒரு சல்லடையும் ஊதுவதற்கு ஒரு பம்பும் இருந்தன. பிறகு என்னைப் பார்த்து, சட்டை அளவு கேட்கும் தையல்காரர்போல, "எத்தனை வருஷத் தூசி வேணும்மா?" என்றார்.

"இருபது போடுங்க" என்றார் கையுறை.

"என் தம்பி போயே எட்டு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் தூசிக்குள்ள உக்காந்தா ஓட்டினான்?"

"அப்ப பத்து போதும்" என்று கையுறை விலையைப்போலவே தூசியையும் குறைத்தார்.

தம்பி மனைவியிடம் இரண்டு விலை சொன்னார். தூசியும் அவர் எழுதிய வாசகமும் இருந்தால் முன்பு சொன்ன விலை, அதற்கு மேலேயும் கொஞ்சம். தூசி இல்லாமல், வாசகம் இல்லாமல் என்றால் அதைவிட நன்றாகக் குறைவு. அந்தக் குறைந்த விலையில் முழங்கால்களுக்கு வைத்தியம் பார்க்கலாம், வேலையை விடலாம். கீழ்த்தள வீடு வாங்க முடியாது.

அவள் பொட்டலங்களைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்தாள். எங்கள் மாடிப்படி உயரமான படிகள் கொண்டது. அவன் கடைசியாக உட்கார்ந்ததும் அதில்தான்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

அதுவரை அது அவள் விஷயம். அவள் கேட்ட பிறகு அது என் விஷயம். வீட்டு மானத்தை நான் காப்பாற்றுவேன், விலையை மட்டும் அவள் முழங்கால் கொடுக்கட்டும் என்றால் அது மானம் இல்லை, கஞ்சத்தனம்.

"மாடியில ஜன்னல் கதவு ஒண்ணு சரியா மூடலைன்னு சொன்னியே, ஆளை வரச் சொல்லிச் சரி பண்ணிடு" என்றேன். "நான் மேல வந்த பிறகு எனக்குக் காத்து ஆகாது."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "நீங்க எதுக்கு மேல?"

"கீழ நீ இருக்கணும்னா நான் வேற எங்க இருக்கறது? என் முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

"இது மாமா உங்களுக்குக் கொடுத்த இடம் அண்ணி."

"எனக்குக் கொடுத்ததை நான் யாருக்குக் கொடுக்கறதுன்னு அவர் சொல்லிட்டுப் போகலை. வந்தவங்க காத்திருக்காங்க. பேசி முடி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்களிடம் பேசுகிற குரலில் கையுறையிடம் பேசினாள். "தூசி வேணாம். கழுவின வண்டிதான் தருவோம். கீழ அச்சடிக்கறதை நாங்க சொல்லுவோம், ஒரு எழுத்து மாத்தக் கூடாது, அதை ஒப்பந்தத்துல எழுதணும். இஷ்டம் இல்லன்னா இன்னொரு வண்டி தேடிக்கோங்க."

இன்னொரு வண்டி இல்லை என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அரிதான பொருளுக்கு அந்த ஒரு நன்மை உண்டு. அவர் சம்மதித்தார். செட் போடுகிறவர் பொட்டலங்களை மறுபடி கட்டிக்கொண்டார். போகும்போது, "நல்ல பச்சைம்மா. மூட மனசு வராது" என்றார். அந்த வியாபாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் வண்டியை வண்டியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

வாசகத்தை நான் சொன்னேன், கையுறை எழுதிக்கொண்டார். "இதை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்த ஒருவர் விரும்பி வாங்கினார். இறந்த நாள்வரை தினமும் ஓட்டினார். ஞாயிறுதோறும் கழுவினார். அவர் மனைவி கழுவி அனுப்பியிருக்கிறார். கூரை ஒழுகும்."

"கூரை ஒழுகும்கறது வேணுமாம்மா?"

"ஒழுகும்ல?"

எழுதிக்கொண்டார்.

வண்டி போன காலையிலும் கழுவினோம். டயர் இடுக்கு வரைக்கும். துண்டை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். அது ஒப்பந்தத்தில் இல்லை.

இப்போது நான் மாடியில் இருக்கிறேன். அவளுக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இன்னொன்றில் மழை முடிந்ததும். மாடியில் இருப்பதில் ஒரு வசதி, தெருமுனையில் யார் திரும்பினாலும் தெரிந்துவிடுகிறது. தங்கை கணவர் கையில் ஒரு பத்திரிகையோடு வந்ததை அப்படித்தான் பார்த்தேன். அவர் வந்து சேருமுன் கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தேநீர் குடித்துக்கொண்டே அவர் பத்திரிகையைப் பிரித்து மேசையில் வைத்தார். ஏலத்தில் போயிருக்கிறது. எங்களுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. பக்கம் முழுக்க வண்டியின் படம். அதன் மேல் மூக்கு முதல் வால் வரை தூசி.

கீழே எங்கள் வாசகம், ஒரு எழுத்து மாறாமல். ஞாயிறுதோறும் கழுவினார். அவர் மனைவி கழுவி அனுப்பியிருக்கிறார். மேலே அந்தப் புழுதி. லட்சலட்சமாகக் கொட்டி வாங்கியவர் இரண்டையும் பார்த்திருப்பார். கேள்வி ஒன்றும் தோன்றியிருக்காது.

தம்பி மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். இப்போது அவளால் ஓரளவு குனிய முடிகிறது. "அண்ணி, இங்க பாருங்க. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி. நம்ம தூசி இடுக்குக்குக் கீழதானே மேடா இருந்துச்சு. இது சலிச்சதுன்னு பாத்தாலே தெரியுது."

"சிலந்தி எங்க?"

"சிலந்தியைக் காணோம். அதுக்குத் தனியா காசு கேட்டிருப்பாரு."

இருவரும் சிரித்தோம். தங்கை கணவருக்கு அது பிடிக்கவில்லை. "இரண்டு மடங்குக்கா. அந்த ஒரு பம்புத் தூசிக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா அவ்வளவும் நம்ம வீட்டுக்கு வந்திருக்கும். வயிறு எரியலையா உங்களுக்கு?"

"நம்ம வீட்டுக்கா, உங்க வீட்டுக்கா மாப்பிள்ளை?"

அவர் மிச்சத் தேநீரை ஒரே வாயில் குடித்துவிட்டு எழுந்தார். கோப்பையைப் பத்திரிகையின் ஓரத்தில் வைத்திருந்ததால் அதில் ஈர வட்டம் ஒன்று பதிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் எடுக்கப் போனார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஈரத்துணியால் துடைத்தேன், உலர்ந்த துணியால் ஒற்றினேன்.

"பழைய பேப்பர்தானேக்கா, இருக்கட்டுமே" என்றார்.

"எங்க வீட்லேர்ந்து போகுதில்ல" என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன்.